முதலில் 8.0, கடைசியில் 9.1: மாபெரும் நிலநடுக்கத்தையும் அதன் சுனாமியையும் எப்படித்தான் அளக்கிறார்கள்?

அலைவரிசை கேட்டது:

2004 சுமத்ரா, 2011 ஜப்பான் இரண்டையும் பற்றிப் படித்துக்கொண்டிருக்கிறேன். இரண்டிலும் ஒரே கூத்து. சுமத்ராவுக்கு முதல் அறிக்கையில் 8.0 என்றார்கள். ஒரு மணி நேரம் கழித்து 8.5, பிறகு 9.0, சில வாரங்களில் 9.3 வரை போய், இப்போது பெரும்பாலும் 9.1 என்கிறார்கள். ஜப்பானில் மூன்றாவது நிமிடத்தில் 7.9, கடைசியில் 9.0. அத்தனை கருவி வைத்திருக்கிற நாட்டிலேயே இந்தக் கதி என்றால் கோளாறு கருவியிலா, கணக்கிலா?

கூடவே இரண்டு கேள்வி. 7 கி.மீ. ஆழத்தில் கடலடி 50 மீட்டர் நகர்ந்தது என்கிறார்களே, ஜிபிஎஸ் அலை தண்ணீருக்குள் போகாதே, எதை வைத்து அளந்தார்கள்? கருவியே இல்லாத காலத்தில் வட அமெரிக்காவின் மேற்குக் கரையில் நடந்ததை "1700 ஜனவரி 26, இரவு 9 மணி வாக்கில், 9-ஐ ஒட்டிய அளவு" என்று எந்தத் தைரியத்தில் சொல்கிறார்கள்?

லாகரிதம், அலைநீளம் எல்லாம் பழக்கம்தான். எண்களோடு சொன்னால் நல்லது.

---

நெட்டலை பதில்:

கோளாறு முதலில் கணக்கில்.

பழைய அளவுமுறைகள் குறிப்பிட்ட அலைவுநேரம் கொண்ட அலையின் உயரத்தைப் பார்த்து எண் சொல்பவை. மேற்பரப்பலை அளவு 20 விநாடி அலையைப் பார்க்கிறது. அந்த அலை விநாடிக்கு 3.5 கி.மீ. ஓடுகிறது என்று வைத்தால் அலைநீளம் 70 கி.மீ. பிளவு 40 கி.மீ.யில் முடிந்துவிட்டால் சரி, முழுப் பிளவும் அந்த அலைக்குத் தெரியும். 500 கி.மீ. பிளந்தால் ஒவ்வொரு துண்டிலிருந்தும் வரும் 20 விநாடி அலை ஒன்றன்பின் ஒன்றாகத்தான் வந்து சேரும். அதிர்வு நீண்டுகொண்டே போகும், உயரம் மட்டும் கூடாது. ஆகவே எண் 8-ஐத் தாண்டியதும் ஏற மறுக்கிறது. 1960 சிலி நிலநடுக்கத்துக்கு இந்த முறையில் 8.5-க்கு மேல் வரவில்லை, உண்மையில் அது 9.5.

ஹிரோ கனமோரி 1977-ல் கொண்டுவந்த மொமென்ட் அளவு இந்தத் தடையைத் தாண்டுகிறது. மொமென்ட் என்பது பாறையின் விறைப்பு × பிளவின் பரப்பு × சராசரி நழுவல். ஜப்பான் 2011-க்குத் தோராயமாகப் போட்டுப் பாருங்கள். விறைப்பு 4 × 10^10 பாஸ்கல், பரப்பு 500 × 200 கி.மீ. (10^11 சதுர மீட்டர்), சராசரி நழுவல் 10 மீட்டர். பெருக்கினால் 4 × 10^22 நியூட்டன் மீட்டர். அதன் லாகரிதம் 22.6. அதில் 9.1-ஐக் கழித்து 2/3-ஆல் பெருக்கினால் 9.0. அளவில் 1.1 குறைந்தால் மொமென்ட் 45 மடங்கு குறைகிறது என்பதையும் இதே சூத்திரத்தில் பார்க்கலாம். 7.9 என்று நினைத்து சுனாமியைக் கணித்தவர்கள் 45-ல் ஒரு பங்கு மூலத்தை வைத்துக் கணித்தார்கள். மியாகி கடற்கரைக்கு 6 மீட்டர், இவாத்தே, ஃபுகுஷிமாவுக்கு 3 மீட்டர் என்ற முதல் எச்சரிக்கை அப்படி வந்ததுதான். கரைக்கு அப்பால் இருந்த ஜிபிஎஸ் மிதவை ஏறுவதைக் கண்ட பிறகு, 28-ஆவது நிமிடத்தில்தான் மியாகிக்கு 10 மீட்டருக்கு மேல் என்று மாற்றினார்கள்.

சரி, மொமென்டையே நேராக அளந்தால் என்ன? அதற்கு நூற்றுக்கணக்கான விநாடி நீண்ட அலைகள் வேண்டும். அந்த அலை வந்து சேரவும் அதன் ஒரு சுற்று முடியவும் நேரம் பிடிக்கும். ஜப்பான் வானிலை முகமை கால் மணி நேரத்தில் அதைச் செய்ய ஏற்பாடு வைத்திருந்தது. ஆனால் உள்நாட்டு அகலப்பட்டை நிலநடுக்கமானிகள் ஏறக்குறைய எல்லாமே எல்லை தாண்டி முட்டிவிட்டன. கருவிக் கோளாறு என்று சொன்னால் இதைச் சொல்லலாம். வலுவான அதிர்வுக்கான முடுக்கமானிகள் முட்டாது. ஆனால் முடுக்கத்தை இருமுறை தொகையிட்டு நகர்வு கண்டுபிடிக்கப் போனால், கருவி இம்மியளவு சாய்ந்திருந்தாலும் பிழை நேரத்தின் வர்க்கத்தில் பெருகும்.

இன்று நம்புவது இரண்டை. ஒன்று டபிள்யூ அலை. பி அலை (முதலில் வந்து சேரும் வேகமான அதிர்வலை) வந்ததுமே தொடங்கி மெதுவாக ஏறி இறங்கும் ஒரு நீண்ட வளைவு, 200 முதல் 1000 விநாடிப் பட்டையில் வடிகட்டினால் தெரியும். தொலைவிலுள்ள, முட்டாத நிலையங்களிலிருந்து எடுக்கலாம். 2011-ல் இது 20 நிமிடத்துக்குச் சற்று மேல் ஆனபோதே 9-ஐ ஒட்டிய எண்ணைக் கொடுத்துவிட்டது. இரண்டாவது, விநாடிக்கு ஒரு முறை பதியும் நிலத்து ஜிபிஎஸ். அது நகர்வையே நேராகத் தருகிறது, முட்டுவதும் இல்லை, பழைய அளவுபோல ஏற மறுப்பதும் இல்லை. ஜப்பானில் சுமார் 1300 நிலையங்கள் இருக்கின்றன. அந்தத் தரவைப் பிற்பாடு ஓட்டிப் பார்த்தவர்களுக்கு ஐந்து நிமிடத்துக்குள் 8.7 கிடைத்தது.

இதற்கும் மேலே வேகமாகப் போக முடியாது என்பதற்கு எளிய காரணம் உண்டு. சுமத்ராவில் பிளவு விநாடிக்கு ஏறத்தாழ 2.8 கி.மீ. வேகத்தில் 1300 கி.மீ. ஓடியது. வகுத்தால் கிட்டத்தட்ட 8 நிமிடம். பிளந்து முடியாத ஒன்றின் முழு அளவை மூன்றாம் நிமிடத்தில் யாரும் சொல்ல முடியாது. இந்த நீளமும் வேகமும், ஜப்பானின் நெருக்கமான நிலநடுக்கமானி வலையில் பதிந்த பி அலைகளைப் பின்னோக்கி ஓட்டிப் பார்த்துக் கண்டுபிடித்தவை. நீங்கள் சொன்ன 9.3, பூமி முழுவதும் அதிர்ந்த இயல் அதிர்வுகளிலிருந்து ஸ்டைன், ஓகல் என்ற ஆய்வாளர்கள் எடுத்தது. அவற்றில் மிக மெதுவானதற்கு ஒரு சுற்று 54 நிமிடம். அதைப் பிரித்தறிய ஒரு நாளுக்கு மேற்பட்ட பதிவு வேண்டும், எச்சரிக்கைக்கு உதவாது.

கடைசியாக ஒரு பொல்லாத வகை. 1992 நிகராகுவா, 2010 இந்தோனேசியாவின் மெந்தாவாய் (7.8) போன்றவற்றில் அகழியை (ஒரு நிலத்தட்டு இன்னொன்றின் கீழே இறங்கும் ஆழ்கடல் பள்ளம்) ஒட்டிய ஆழமற்ற பகுதி மெதுவாகப் பிளந்தது. ஆட்டம் லேசு, அலை பெரிது. நீண்ட அலையில் கிடைத்த மொமென்டுக்கு, குறுகிய அலையில் வெளிவந்த ஆற்றல் எவ்வளவு என்ற விகிதத்தைப் பார்த்து இவற்றை அடையாளம் காண்கிறார்கள். விகிதம் வழக்கத்தைவிட மிகக் குறைவாக இருந்தால் உஷாராக வேண்டும்.

---

கடலடி பதில்:

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். சுனாமியைத் தூக்குவது அகழிப் பக்கத்து நழுவல். நிலத்து ஜிபிஎஸ் அங்கிருந்து 200 கி.மீ. தள்ளி இருக்கிறது. 2011-ல் ஜப்பானின் ஒஷிகா தீபகற்பம் 5.3 மீட்டர் நகர்ந்து 1.2 மீட்டர் தாழ்ந்தது என்பது துல்லியமான தரவுதான். ஆனால் அகழியோரம் 20 மீட்டர் நழுவியதா 60 மீட்டரா என்று அதைவைத்து மட்டும் பிரிக்க முடியாது, இரண்டுக்கும் கரையில் ஏறக்குறைய ஒரே விடைதான் வரும். எனவே கடலடிக்கே போயாக வேண்டும்.

முதல் வழி, ஜிபிஎஸ்-ஒலி முறை. கடலடியில் மூன்று நான்கு ஒலிப் பதிலிகளை வட்டமாக இறக்கி வைப்பார்கள். மேலே கப்பல் தன் இடத்தை ஜிபிஎஸ் மூலம் செ.மீ. கணக்கில் அறியும். கப்பல் ஒலியை அனுப்பும், பதிலி திருப்பி அனுப்பும், போய்வரும் நேரத்திலிருந்து தூரம் கிடைக்கும். பல நாள் சுற்றிச் சுற்றி அளந்து பதிலிக் கூட்டத்தின் நடுப்புள்ளியைக் கணக்கிடுவார்கள். அடுத்த முறை அதே பதிலிகள், அதே வேலை, வித்தியாசம்தான் நகர்வு. 2011-ல் மையப்புள்ளிக்கு அருகே ஒரு பதிலிக் கூட்டம் 24 மீட்டர் பக்கவாட்டிலும் 3 மீட்டர் மேலேயும் போயிருந்தது. அகழிக்கு இன்னும் பக்கத்தில் வேறொன்று 31 மீட்டர். பதிலியின் பேட்டரி தீர்ந்தால் புதிதாக ஒன்றை இறக்கி, பழையது சாகும் முன் இரண்டையும் சேர்த்து அளந்து தொடர்பு ஏற்படுத்த வேண்டும். அதைத் தவறவிட்டால் பல ஆண்டுத் தொடர் அறுந்துபோகும்.

50 மீட்டர் என்ற எண் வேறு வழியில் வந்தது. ஜப்பானின் கடலாய்வு நிறுவனமான ஜாம்ஸ்டெக் 1999-லும் 2004-லும் அகழியின் குறுக்கே பலகற்றை எதிரொலிமானியால் (பல ஒலிக்கற்றைகளை அனுப்பி ஆழம் பார்க்கும் கருவி) ஒரு கோட்டை அளந்து வைத்திருந்தது. நிலநடுக்கம் முடிந்த சில நாளில் அதே கோட்டில் மறுபடி ஓடினார்கள். கற்றை அகலம் 2 பாகை என்றால் 7000 மீட்டர் ஆழத்தில் அது விழும் இடமே 240 மீட்டர் அகலம். ஒரு தனிப் புள்ளியை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. ஆனால் பல கி.மீ. நிலவடிவத்தை மொத்தமாக எடுத்து, பழைய வரைபடத்தின்மேல் நகர்த்தி நகர்த்தி எங்கே நன்றாகப் பொருந்துகிறது என்று பார்க்கலாம். அகழிக்குக் கடல் பக்கத்திலிருக்கும் தட்டு நகரவில்லை என்று வைத்து, அங்கே தெரியும் வித்தியாசத்தைக் கருவிப் பிழையாகக் கழித்துவிடுவார்கள். மீதி, கரைப் பக்கத்தில் ஏறத்தாழ 50 மீட்டர் பக்கவாட்டு நகர்வு, 7 முதல் 10 மீட்டர் உயர்வு. பக்கவாட்டு எண்ணில் 20 மீட்டர் அளவுக்குப் பிழை இருக்கலாம் என்பதையும் சேர்த்தே படியுங்கள். செய்திகளில் அது காணாமல் போய்விடுகிறது.

மூன்றாவதும் எனக்குப் பிடித்ததும்: பிளவையே துளைத்துப் பார்த்தது. 2012-ல் சிக்யூ கப்பல் 6,900 மீட்டர் தண்ணீருக்குக் கீழே மேலும் 850 மீட்டர் துளைத்தது. அவ்வளவு நழுவிய பிளவு ஐந்து மீட்டருக்கும் குறைந்த தடிமனில், ஸ்மெக்டைட் நிறைந்த வழுவழுப்பான களிமண்ணாக வந்தது. துளைக்குள் 55 வெப்பமானிகளைத் தொங்கவிட்டு 2013 ஏப்ரலில் மீட்டார்கள். பிளவு மட்டத்தில் சுற்றுப்புறத்தைவிட 0.31 டிகிரி கூடுதல். உராய்ந்த சூடு ஆறுவதற்குள் பிடித்த மிச்சம் அது. அதிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டால் உராய்வு எண் 0.08 வருகிறது. சாதாரணப் பாறைக்கு 0.6-க்கு மேல் இருக்கும். துளைத்த வேலையே பாறையின் வெப்பநிலையைக் குலைத்துவிடும் என்பதால் மாதக்கணக்கில் காத்திருந்து அது அடங்கியபின் வரும் தரவைத்தான் எடுக்க வேண்டும். ரொம்பக் காத்திருந்தாலோ பிளவின் சூடே மறைந்துவிடும்.

---

அலைவரிசை:

நன்றி, இது தான் வேணும். ரெண்டு சந்தேகம். தண்ணியில ஒலி வேகம் ஆழத்துக்கு ஆழம், நாளுக்கு நாள் மாறுமே, அப்புறம் செ.மீ. துல்லியம் எப்படி? இன்னொன்னு, கடலடி அழுத்தமானியை நேரா பிளவுக்கு மேலயே போட்டா சுனாமி உடனே தெரிஞ்சிடாதா?

---

கடலடி:

ஒலி வேகத்தில் விநாடிக்கு 1 மீட்டர் பிழை இருந்தால் 3000 மீட்டர் ஆழத்துக்குத் தூரத்தில் 2 மீட்டர் பிழை வரும். வெப்பநிலை கால் டிகிரி மாறினாலே வேகம் அவ்வளவு மாறும். ஆனால் கப்பல் பதிலிக் கூட்டத்தின் நடுவில் நேர் மேலே நின்றால் எல்லாத் திசைத் தூரங்களும் ஒரே மாதிரிக் கூடும் அல்லது குறையும். பிழை பக்கவாட்டில் அடிபட்டுப்போய் உயரத்தில் போய் உட்காரும். பக்கவாட்டு நகர்வு நன்றாக வருவதும் செங்குத்து நகர்வு சொதப்புவதும் இதனால்தான். கடலில் கிழக்கே சூடு, மேற்கே குளிர் என்று சரிவு இருந்தால் இந்த வித்தை பலிக்காது. அதையும் ஒரு மாறியாக வைத்துத்தான் தீர்க்க வேண்டும்.

அழுத்தமானி விஷயத்தில் உங்கள் ஊகத்துக்கு நேர் எதிராக நடக்கும். பிளவுக்கு மேலே கடலடி 3 மீட்டர் உயர்ந்தால் மேலிருக்கும் தண்ணீரும் 3 மீட்டர் சேர்ந்தே உயர்கிறது. கருவியின் தலைமேல் இருக்கும் நீரின் தடிமன் மாறவில்லை, அழுத்தமும் மாறாது. அலை அங்கிருந்து விலகி ஓடிய பிறகே அழுத்தம் நிரந்தரமாகக் குறைந்ததாகத் தெரியும். முதல் சில நிமிடம் நில அதிர்வின் அழுத்த அலைகள் வேறு எல்லாவற்றையும் மூடிவிடும்.

மூலத்துக்குச் சற்றுத் தள்ளியிருப்பதே பலன் தரும். ஜப்பானின் கமாயிஷி நகரக் கரைக்கு அப்பால் 76 கி.மீ. தூரத்தில், 1600 மீட்டர் ஆழத்தில் இருந்த கேபிள் அழுத்தமானி 2011-ல் முதலில் மெதுவாக 2 மீட்டர் ஏற்றம், பிறகு சட்டென்று மேலும் 3 மீட்டர் ஏற்றம் காட்டியது. அகழியோரத்தில் குறுகிய பட்டை ஒன்று தனியாகப் பெரிதாக நழுவியதற்கு மிக நேரடியான சாட்சி அந்தச் செங்குத்தான முகடு. அரை மணி நேரத்தில் கரையிலிருந்த கேபிள் நிலையத்தையே சுனாமி அடித்துப்போக, பதிவு அதோடு நின்றது. இப்போது எஸ்-நெட் என்ற பெயரில் 150 கடலடி நிலையங்கள் கேபிளில் கோக்கப்பட்டிருக்கின்றன.

ஆழ்கடலில் தனியாக நிற்கும் டார்ட் மிதவைகள் வேறு ரகம். கடலடிக் கருவி 15 விநாடிக்கு ஒருமுறை அழுத்தம் அளக்கும். எதிர்பார்த்த ஓதத்திலிருந்து அடுத்தடுத்த இரண்டு அளவுகள் 3 செ.மீ. விலகினால் விழித்துக்கொண்டு ஒலி வழியே மேலே மிதவைக்கும், அங்கிருந்து செயற்கைக்கோளுக்கும் அனுப்பும். நில அதிர்வலைகூட இதைத் தட்டி எழுப்பிவிடும், ஆகவே எழுந்தது என்பதை வைத்து சுனாமி என்று முடிவு கட்டக் கூடாது. பின்னால் வரும் நீண்ட அலையைப் பார்க்க வேண்டும். அடிக்கடி செயலிழப்பது மேலே மிதக்கும் பாகமும் அதன் நங்கூரக் கயிறும்தான்.

---

மணலடுக்கு பதில்:

மூன்றாவது கேள்வி. 1700-க்கு ஆதாரம் ஒன்றல்ல, ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத மூன்று. முதலில் மண். அமெரிக்காவின் வாஷிங்டன் கடற்கரைச் சேற்றுநிலங்களில் பிரையன் அட்வாட்டர் 1980-களில் கண்டது: கீழே நன்னீர்ச் செடிகளின் வேரோடு கறுப்பு மண், அதன்மேல் கத்தியால் வெட்டியதுபோல் கூர்மையான எல்லை, மெல்லிய மணல், மணலுக்கு மேல் ஓதச் சேறு. நிலம் திடீரென ஒரு மீட்டருக்கு மேல் தாழ்ந்து, உடனே கடல் மணலைக் கொண்டுவந்து போட்டு, பிறகு நிரந்தரமாக ஓதம் ஏறத் தொடங்கியது என்பதே அதன் பொருள். நிலம் மெல்லத் தாழ்ந்திருந்தால் எல்லை மங்கலாகி இருக்கும். இரண்டாவது மரம். அதே இடத்தில் உப்புநீரில் செத்த தேவதாரு மரங்களின் வேரில் கடைசி வளையம் 1699. மூன்றாவது ஜப்பானியக் கடற்கரை ஊர்களின் பதிவேடுகள், 1700 ஜனவரி கடைசியில் நில அதிர்வே இல்லாமல் வந்த அலையை எழுதி வைத்திருக்கின்றன. பசிபிக்கைக் கடக்க அலைக்குச் சுமார் 10 மணி நேரம். அதைக் கழித்துத்தான் இரவு 9 மணி வந்தது. அலையின் உயரத்திலிருந்து அளவு 8.7 முதல் 9.2 வரை.

துல்லியத் தேதி கிடைப்பது அபூர்வம். பெரும்பாலும் கரிமக் காலக்கணிப்பே கதி. அதில் வழக்கமான தப்பு, மணலுக்கு உள்ளே கிடக்கும் மரத்துண்டைக் காலம் பார்ப்பது. அது நூற்றாண்டு பழைய மரமாக இருந்து அலையில் வந்து விழுந்திருக்கலாம். மணலுக்குச் சற்றுக் கீழேயும் சற்று மேலேயும் இருக்கும் இலை, விதை போன்ற சட்டென்று மட்கும் பொருளை எடுத்து இரண்டு பக்கமும் வேலி போட வேண்டும். எரிமலைச் சாம்பல் இருந்தால் யோகம். செண்டாய் சமவெளியில் 869-ஆம் ஆண்டு ஜோகன் சுனாமி மணலின்மேல் 915-ஆம் ஆண்டுச் சாம்பல் படிந்திருக்கிறது.

மணல் எதுவரை போயிருக்கிறதோ அதுவரைதான் அலை போனது என்று கொள்வது இன்னொரு தப்பு. 2011-ல் செண்டாய் விமான நிலையத்தின் பக்கம் அளந்தபோது நீர் 4.5 கி.மீ. உள்ளே போயிருந்தது. அரை செ.மீ.க்கு மேல் தடித்த மணல் 2.8 கி.மீ.யோடு நின்றுவிட்டது, அதற்கப்பால் சேறு மட்டும். ஆயிரம் ஆண்டு கழித்து அந்தச் சேற்றை வயல் மண்ணிலிருந்து யாரால் பிரிக்க முடியும்? ஜோகனின் அளவைப் பழைய மணலை வைத்துக் குறைத்துச் சொல்லியிருக்கலாம் என்று அப்போதுதான் தெரிந்தது. எனவே மணலை வைத்துச் சொல்லும் எந்த அளவையும் கீழ் எல்லையாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

சுமத்ராவில் மணலைவிடப் பவளம் நல்ல சாட்சி. சில பவளங்கள் தாழ் ஓத மட்டத்துக்கு மேல் வளர முடியாமல் தட்டையாகப் பரவும். தரை உயர்ந்தால் மேற்பகுதி சாகும், தாழ்ந்தால் மேல்நோக்கி மறுபடி வளரும். ஆண்டு வளையங்களை எண்ணி, யுரேனியம்-தோரியம் முறையில் காலம் பார்த்தால் பல நூற்றாண்டுக்கான ஏற்ற இறக்கம் செ.மீ. கணக்கில் கிடைக்கும்.

---

கூர்நோக்கு:

மேலே சொன்னதோடு ஒரு எச்சரிக்கை. புயலும் மணலைத் தள்ளும். உள்நாட்டுக்குள் எவ்வளவு தூரம் போகிறது, அடியில் மண்ணை அரித்திருக்கிறதா, கிழித்து வந்த மண்கட்டிகள் உள்ளனவா, ஆழ்கடல் டயட்டம் (கண்ணுக்குத் தெரியாத பாசி) ஓடு இருக்கிறதா என்று பல குறி சேர்ந்தால்தான் சுனாமி என்று எழுதலாம். தனியாக எந்தக் குறியும் போதாது. நிலமும் அதே நேரம் தாழ்ந்திருந்தால் அது வலுவான ஆதாரம், ஏனென்றால் புயல் நிலத்தைத் தாழ்த்தாது.

இடைவெளியைச் சராசரி எடுத்து "இத்தனை ஆண்டுக்கு ஒருமுறை" என்று சொல்வதிலும் எனக்கு நம்பிக்கை குறைவு. சுமத்ராவின் ஆச்சேவில் கடலோரக் குகை ஒன்றில் 7,400 முதல் 2,900 ஆண்டுகளுக்கு முந்தைய சுனாமி மணல்கள், இடையிடையே வௌவால் எச்ச அடுக்குகளோடு கிடைத்தன. அதில் இரண்டாயிரம் ஆண்டு நீண்ட வெறுமையும் உண்டு, ஒரு நூற்றாண்டுக்குள் பல அலைகள் வந்த காலமும் உண்டு. சராசரி அங்கே எதையும் சொல்லாது.

---

அலைவரிசை:

கடைசியா ஒன்னு. அலையைக் கணினியில் நானே ஓட்டிப் பார்க்கணும்னா?

---

நெட்டலை:

ஜியோகிளா என்ற சுனாமி மென்பொருள் இலவசம், அதில் தொடங்குங்கள். கடலாழத்துக்கு, உலகக் கடலடி வரைபடமான கெப்கோவின் 15 வில்விநாடிக் கட்டம் (சுமார் 450 மீட்டர்). மூலத்துக்குப் பிளவின் நீளம், அகலம், சாய்வு, நழுவல் கொடுத்தால் ஒக்காடாவின் 1985 சூத்திரம் கடலடி உயர்வைத் தரும். நேரப்படியை ஆழமான இடம் தீர்மானிக்கும்: 7000 மீட்டரில் அலை விநாடிக்கு 262 மீட்டர் ஓடும், 450 மீட்டர் கட்டத்துக்கு 1.7 விநாடிக்கு மேல் படி வைத்தால் விடை வெடித்துச் சிதறும். ஜியோகிளா படியைத் தானே சரிசெய்துகொள்ளும், சொந்தமாக எழுதினால் கவனம்.

முதல் சோதனையாக ஜப்பான் 2011-ஐ ஓட்டி, சிலிக் கரைப் பக்கத்து டார்ட் பதிவோடு ஒப்பிடுங்கள். உங்கள் அலை பத்துப் பதினைந்து நிமிடம் முன்கூட்டியே வந்து நிற்கும். உங்கள் தவறு இல்லை. கடல்நீர் அழுத்தத்தில் சற்றே சுருங்குவதும், அலையின் எடையில் பூமி சற்றே அமுங்குவதும் ஆழமற்ற நீர்ச் சமன்பாட்டில் கிடையாது. இவை சேர்ந்து உண்மை அலையை 1 முதல் 2 சதவீதம் வரை தாமதப்படுத்துகின்றன. கரையோரத்துக்கு 450 மீட்டர் கட்டத்தை வைத்து அலை உயரம் சொல்லிவிடாதீர்கள். துறைமுக வாய், ஆற்று முகம் எதுவும் அதில் தெரியாது. அதற்கு 10 மீட்டர் அளவில் ஆழத் தரவு வேண்டும், பெரும்பாலான கரைகளுக்கு அது பொதுவில் கிடைப்பதில்லை.